பன்னிரண்டு பாக்கெட்டின் சராசரி 498.3 கிராம்: இயந்திரத்தின் திருகைத் திருப்பலாமா, வேண்டாமா?

#1 சிறுதானியன்

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரிப் பக்கம் என் சித்தி கேழ்வரகு மாவு அரைத்து அரைக் கிலோ பாக்கெட்டாகப் போட்டு விற்கிறார். நாளுக்கு எண்ணூறு பாக்கெட் வரை போகும். நிரப்பும் இயந்திரத்தின் மேலே உள்ள ஹாப்பர் என்ற தொட்டியில் மாவைக் கொட்டினால், அடியில் இருக்கும் ஸ்க்ரூ குறித்த அளவு சுற்றி ஒரு பாக்கெட்டுக்கு வேண்டியதைத் தள்ளிவிடும். எத்தனை சுற்று என்பதை ஒரு திருகில் வைத்துக் கூட்டலாம், குறைக்கலாம்.

போன சனிக்கிழமை நான் பன்னிரண்டு பாக்கெட் எடுத்து, கவரின் எடையைக் கழித்து, மாவை மட்டும் கிராமில் குறித்தேன்:

502, 501, 503, 499, 500, 498, 497, 498, 496, 497, 494, 495

சராசரி 498.33. கல்லூரியில் படித்த கருதுகோள் சோதனையைப் போட்டுப் பார்த்தேன். இன்மைக் கருதுகோள் (மறுக்க முடிகிறதா என்று பார்க்க எடுத்துக்கொள்வது): சராசரி 500. எடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் 2.66 வந்தது. அதை 12-இன் வர்க்கமூலத்தால் வகுத்து, 1.67 கிராம் குறைவை அதனால் வகுத்தால் −2.17. இது 5 விழுக்காடு மட்டத்துக்கான எல்லையாகிய 1.96-ஐத் தாண்டுகிறது. ஆகவே இயந்திரம் குறைவாக நிரப்புகிறது என்று முடிவுசெய்து, திருகை இரண்டு கிராம் ஏற்றச் சொன்னேன்.

சித்தி மறுத்துவிட்டார். "ஒரு சனிக்கிழமை பார்த்ததை வைத்துக்கொண்டு திருகில் கை வைக்காதே" என்கிறார். புள்ளியியல் படிக்கும் என் நண்பனோ, அட்டவணையில் பார்க்க வேண்டிய எண் 2.201, 2.17 அதைத் தாண்டவில்லை, ஆகவே குறை ஒன்றும் இல்லை என்கிறான். எண்கள் ஒன்றுதான், தீர்ப்பு இரண்டாக வருகிறது. பாக்கெட்டுக்கு இரண்டு கிராம் என்றால் நாளுக்கு 1.6 கிலோ மாவு. இப்போது குறைவாகப் போகிறதென்றால் வாங்குபவரை ஏமாற்றுகிறோம். சரியாக இருப்பதை நான் ஏற்றிவிட்டால் சித்தியின் கைக்காசு போகும். யார் சொல்வது சரி?

#2 கணக்கு டீச்சர்

உங்கள் கணக்கில் இரண்டு இடத்தில் சறுக்கல் இருக்கிறது தம்பி. இரண்டும் ஒரே பக்கம் இழுக்கின்றன.

முதலாவது, திட்ட விலக்கம். எக்செல்லில் பி என்று முடியும் சூத்திரத்தைப் போட்டிருப்பீர்கள். அது 12-ஆல் வகுக்கும். முழுத் தொகுதியையும் கையில் வைத்திருப்பவருக்கு உரியது அது. உங்களிடம் இருப்பது மாதிரி. சராசரியையும் அதே 12 எண்ணிலிருந்துதான் எடுத்தீர்கள். ஒரு சுதந்திரம் அங்கே செலவாகிவிட்டது. ஆகவே 11-ஆல் வகுக்கும் எஸ் சூத்திரம்தான் வேண்டும். போட்டால் 2.77 வரும். அதை 12-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும் திட்டப் பிழை 0.80. விகிதம் −2.08.

இரண்டாவது, 1.96. இயந்திரத்தின் உண்மையான திட்ட விலக்கம் முன்பே உறுதியாகத் தெரிந்தவர் இசட்-சோதனையில் பார்க்கும் எண் அது. உங்களுக்கு அது தெரியாது. அதையும் இந்தப் பன்னிரண்டிலிருந்தே மதிப்பிட்டீர்கள். அந்த மதிப்பீடும் ஆடும். அந்த ஆட்டத்துக்காகத்தான் டி-அட்டவணை அதிகம் கேட்கிறது: 11 வரையற்ற பாகைக்கு (12-இல் செலவான ஒன்று போக மீதி), 5 விழுக்காடு மட்டத்தில், இருபக்கமும் பார்த்தால் 2.201. உங்கள் நண்பர் பார்த்த எண் சரி.

ஆனால் "தாண்டவில்லை, ஆகவே குறை இல்லை" என்று அவர் சொன்னது சரியில்லை. 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளியை, அதாவது உண்மையான சராசரி இருக்கக்கூடிய வரம்பை, போட்டுப் பாருங்கள்: 496.6 முதல் 500.1 வரை. 500 அதன் விளிம்பில்தான் நிற்கிறது. 497-ம் உள்ளேதான் இருக்கிறது. இவ்வளவு அகலமான இடைவெளியைக் கையில் வைத்துக்கொண்டு "குறை இல்லை" என்று சொல்ல எனக்கு மனம் வராது.

#3 சிறுதானியன்

மிக்க நன்றி டீச்சர். எஸ் சூத்திரத்தில் எனக்கும் −2.08 வந்துவிட்டது. ஒரு சந்தேகம். எனக்குக் கவலை எடை குறைவதைப் பற்றி மட்டும்தான். அப்படியானால் ஒருபக்கச் சோதனை போடலாம் அல்லவா? அதற்கு அட்டவணை எண் 1.796. −2.08 அதைத் தாண்டிவிடுகிறது. பி-மதிப்பு இருபக்கத்துக்கு 0.06, ஒருபக்கத்துக்கு 0.03. அப்படியென்றால் குறைவு நிரூபணம் ஆகிவிட்டதா?

#4 தராசுமுள்

பாக்கெட் எடை பார்ப்பதே என் தொழில் என்பதால் ஒருபக்கம் பற்றி நான் சொல்கிறேன்.

ஒருபக்கச் சோதனை குறுக்குவழி அன்று. சட்டமே அதைத்தான் வைத்திருக்கிறது. ஐரோப்பாவில் 1976-இல் வந்த பாக்கெட் எடை உத்தரவில், 50 பாக்கெட்டை உடைக்காமல் சோதித்துப் பார்க்கும்போது அவற்றின் சராசரியுடன் திட்ட விலக்கத்தில் 0.379 மடங்கைக் கூட்டுவார்கள். கூட்டியது அச்சிட்ட எடையைத் தொட்டால் அந்தத் தொகுப்பு தேறும். 30 பாக்கெட் என்றால் 0.503 மடங்கு. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பல நாள் தேடியிருக்கிறேன். 49 பாகைக்கு டி-அட்டவணையில் 2.68 இருக்கிறது, அதை 50-இன் வர்க்கமூலமாகிய 7.07-ஆல் வகுத்தால் 0.379. முப்பதுக்கும் அதே கதைதான். நம் தம்பி போட்ட ஒருமாதிரிச் சோதனையேதான் (ஒரே ஒரு மாதிரியின் சராசரியைக் குறித்த எண்ணோடு ஒப்பிடுவது) அது, ஆயிரத்தில் ஐந்து என்ற கடுமையான மட்டத்தில். சரியாக நிரப்புபவர் தற்செயலாக மாட்டிக்கொள்வது ஆயிரத்தில் ஐந்து முறைக்கு மேல் போகக் கூடாது என்று சந்தேகத்தின் பலனை நிரப்புபவருக்கே கொடுத்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி 500 கிராமுக்கு ஒரு தனி பாக்கெட்டில் பொறுத்துக்கொள்ளும் குறைவு 3 விழுக்காடு, அதாவது 15 கிராம். உங்கள் மிகக் குறைந்த பாக்கெட் 494. அந்த வகையில் பயம் இல்லை.

கவர் எடையை எப்படிக் கழித்தீர்கள் என்று சொல்லவில்லையே? ஒரு கவரை மட்டும் வைத்தால் ஒரு கிராம் படியில் காட்டும் தராசு 6 என்றோ 7 என்றோ சொல்லும். அந்த ஒரு கிராம் பிசகு எல்லாப் பாக்கெட்டிலும் ஒரே பக்கமாக ஏறும். எத்தனை பாக்கெட் எடுத்தாலும் எந்த டி-சோதனையும் அதைக் காட்டிக்கொடுக்காது. ஐம்பது வெற்றுக் கவரை ஒன்றாக வைத்து எடை பார்த்து ஐம்பதால் வகுங்கள். முத்திரையிட்ட 500 கிராம் எடைக்கல்லையும் ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள்.

#5 கணக்கு டீச்சர்

தராசுமுள் சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். ஐரோப்பிய அதிகாரி எந்தப் பக்கம் பார்ப்பது என்பதைப் பாக்கெட்டைத் தொடும் முன்பே முடிவுசெய்துவிட்டார். தம்பி, நீங்கள் முதலில் இருபக்கமும் பார்த்தீர்கள். எல்லையைத் தாண்டவில்லை என்று தெரிந்த பிறகு ஒருபக்கத்துக்கு வந்தீர்கள். சராசரி 501.7 என்று வந்திருந்தால், மாவு வீணாகிறது என்று மறுபக்கம் பார்த்திருக்க மாட்டீர்களா? நிச்சயம் பார்த்திருப்பீர்கள். நாளுக்கு 1.6 கிலோ என்று முதல் பதிவிலேயே கவலைப்பட்டவர் நீங்கள். ஆகவே உங்கள் உண்மையான கேள்வி இருபக்கக் கேள்விதான். 0.06-தான் உங்கள் எண்.

அந்த 0.06-ஐயும் சரியாகப் படிக்க வேண்டும். "இயந்திரம் சரியாக இருக்க 6 விழுக்காடு வாய்ப்பு" என்று பலர் படிக்கிறார்கள். என் வகுப்பில் வருடாவருடம் இதைத் திருத்துகிறேன். இயந்திரம் 500-இல்தான் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் பன்னிரண்டு பன்னிரண்டாக எடுத்தால், இந்த அளவோ இதற்கு மேலோ விலகிய விகிதம் நூற்றில் ஆறு தடவை தானாகவே வரும். அவ்வளவுதான் அது சொல்வது.

#6 பழைய மாணவன்

இடையில் ஒரு வரலாறு. இந்த டி-சோதனை பிறந்ததே இப்படி ஒரு தொழிற்சாலையில்தான். வில்லியம் கோசெட் 1899-இல் டப்ளின் நகரின் கின்னஸ் மதுவடிப்பாலையில் சேர்ந்தவர். பார்லியும் ஹாப் பூவும் அவருக்கு நாலு மாதிரி, ஐந்து மாதிரி என்றுதான் கிடைத்தன. ஆயிரக்கணக்கில் அளக்க முடியாது. 1908-இல் பயோமெட்ரிக்கா இதழில் "ஸ்டூடண்ட்" என்ற புனைபெயரில் அந்தக் கட்டுரையை வெளியிட்டார்.

எனக்குப் பிடித்தது அவர் சூத்திரத்தைச் சரிபார்த்த விதம். 3000 கைதிகளின் உயரத்தையும் இடது கை நடுவிரல் நீளத்தையும் 3000 அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக எடுத்து 750 மாதிரி ஆக்கினார். ஒவ்வொன்றுக்கும் சராசரி, திட்ட விலக்கம் எல்லாம் கையால் போட்டு, தம் சூத்திரம் சொல்வதுபோல் அவை பரவுகின்றனவா என்று பார்த்தார். கணினி இல்லாத காலம். "நன்றாகக் கலைத்து" என்ற சொல்லை மட்டும் இங்கே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

#7 நூல்கண்டு

முப்பத்தொரு ஆண்டு நூற்பாலையில் தரக்கட்டுப்பாடு பார்த்து ஓய்வு பெற்றவன். எல்லாரும் விகிதத்தைப் பார்க்கிறீர்கள். யாரும் எண்களைப் படிக்கவில்லை. தம்பி எழுதிய வரிசையை இடமிருந்து வலமாக ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

502, 501, 503, 499, 500, 498. முதல் ஆறின் சராசரி 500.5.
497, 498, 496, 497, 494, 495. பின் ஆறின் சராசரி 496.2.

இது குலுக்கி எடுத்த பன்னிரண்டு இல்லை. படி இறங்குவதுபோல் இறங்குகிறது. தம்பி, எந்த வரிசையில் எடுத்தீர்கள்? எந்த நேரத்தில்? அப்போது ஹாப்பரில் மாவு எவ்வளவு இருந்தது?

நூலின் நம்பர், அதாவது அது எவ்வளவு மெல்லியது என்பதைப் பார்க்க 120 கஜம் சுற்றி எடை போடுவோம். புதிதாக வரும் பையன் ஒரே பாபினிலிருந்து பத்துச் சுற்று சுற்றிக்கொண்டு வருவான். பத்து எண் இருக்கும். ஆனால் அவன் பார்த்தது ஒரு பாபின். அதே வேலையாகத்தான் இதுவும் தெரிகிறது. முந்தைய பாக்கெட்டைப் பார்த்து அடுத்த பாக்கெட் இப்படித்தான் வரும் என்று யூகிக்க முடிந்தால், அந்தப் பன்னிரண்டைப் பன்னிரண்டு என்று எண்ணக் கூடாது. 0.80 என்ற திட்டப் பிழையே அப்போது பொருளில்லாதது. அதை வைத்து வந்த 2.08-க்கு 1.96 வைத்தால் என்ன, 2.201 வைத்தால் என்ன?

#8 சிறுதானியன்

ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் எழுந்து குறிப்பு நோட்டைப் போய்ப் பார்த்தேன். எழுதியது நிரம்பி வந்த வரிசையேதான். சனிக்கிழமை மாலை, வேலை முடியும் நேரம். அன்றைய கடைசி மாவு. ஹாப்பரில் 25 கிலோ பிடிக்கும். நான் எடுக்க ஆரம்பித்தபோது கால்பங்குதான் இருந்திருக்கும். கடைசிப் பாக்கெட் வரும்போது சித்தி கையால் ஹாப்பரின் பக்கத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். அது எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

#9 தராசுமுள்

தட்டினார் என்றால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஸ்க்ரூ இயந்திரம் எடையை அளப்பதில்லை, இடத்தை நிரப்புகிறது. மேலே மாவு நிறைய இருந்தால் அதன் பாரத்தில் அடிமாவு இறுகி ஸ்க்ரூவின் பள்ளத்தில் நெருக்கமாக உட்காரும். மேலே குறைந்தால் மாவு தளரும். அதே சுற்றுக்கு எடை குறையும். புதிதாக அரைத்த சூட்டு மாவுக்கும் ஆறிய மாவுக்கும்கூட வித்தியாசம் வரும்.

#10 வெப்பமானி

நூல்கண்டு ஐயா சொன்னதற்குப் பெரிய உதாரணம் ஒன்று. மனித உடலின் இயல்பு வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் என்பது 1868-இல் ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிக் நிலைநிறுத்திய எண். 1992-இல் அமெரிக்காவில் 148 ஆரோக்கியமானவர்களிடம் வாயில் வைத்து 700 முறை அளந்தார்கள். சராசரி 36.8. ஒருமாதிரிச் சோதனைக்கு இதைப் பாடமாகச் சொல்வார்கள். ஆனால் 700 அளவு இருக்கிறது என்று 700-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் தவறு. ஒரே ஆளைக் காலையிலும் மாலையிலும் அளந்தால் அந்த அளவுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அங்கே ஆட்கள் 148 பேர்தான்.

#11 சிறுதானியன்

அப்படியென்றால் திரும்பவும் எடுக்கிறேன். எத்தனை எடுக்க வேண்டும்? எப்படி எடுக்க வேண்டும்?

#12 கணக்கு டீச்சர்

எத்தனை என்பது, எவ்வளவு விலகலைத் தவறவிடக் கூடாது என்று நீங்கள் நினைப்பதைப் பொறுத்தது. அதை முதலில் சித்தியிடம் கேளுங்கள். இரண்டு கிராம் விலகினால் கட்டாயம் தெரிய வேண்டும், பத்துக்கு ஒன்பது தடவை பிடிபட வேண்டும் என்றால், உங்கள் 2.8 திட்ட விலக்கத்துக்கு ஏறக்குறைய 23 பாக்கெட். ஒரே கிராம் என்றால் 85 பக்கம் போகும். பாதி விலகலைப் பிடிக்க நாலு மடங்கு உழைப்பு. கூட்டிக்குறைத்துப் பேரம் பேச முடியாத கணக்கு இது.

#13 நூல்கண்டு

எப்படி என்பதை நான் சொல்கிறேன். ஐந்து நாள். நாளுக்கு ஐந்து. ஹாப்பர் நிறைந்திருக்கும்போது இரண்டு, பாதியில் ஒன்று, அடியில் இரண்டு. ஒன்றை எடுத்ததும் அடுத்ததை எடுக்காதீர்கள். நடுவே பாக்கெட்டுகள் போகட்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நாள், நேரம், ஹாப்பர் மட்டம் எழுதுங்கள். அந்த ஐந்து நாளும் திருகை யாரும் தொடக் கூடாது. சித்தி தட்டுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள், அல்லது தட்டியதையும் எழுதுங்கள்.

#14 சிறுதானியன்

ஒரு வாரம் கழித்து வருகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

ஐம்பது கவர் சேர்த்து 310 கிராம்; ஒன்றுக்கு 6.2. நான் முன்பு கழித்தது 6. எடைக்கல்லுக்குத் தராசு 500 என்றே காட்டியது. 25 பாக்கெட், ஐந்து நாள், ஐயா சொன்னபடியே. கவர் எடையைக் கழித்துக் கிராமுக்கு முழுமையாக்கினேன்.

மொத்தச் சராசரி 499.72. திட்ட விலக்கம் 3.03. திட்டப் பிழை 0.61. விகிதம் −0.46. 24 பாகைக்கு எல்லை 2.064, பக்கத்தில்கூடப் போகவில்லை. இடைவெளி 498.5 முதல் 501.0 வரை.

இதோடு நிறுத்தியிருந்தால் எல்லாம் சரி என்று எழுதியிருப்பேன். ஆனால் மட்டம்வாரியாகப் பிரித்தேன்:

ஹாப்பர் நிறைந்தபோது (10 பாக்கெட்): 502.1
பாதியில் (5): 500.4
அடியில் (10): 497.0

ஐந்து நாளும் இதே ஒழுங்கு. ஒரு நாள்கூட மாறவில்லை. ஹாப்பர் நிறைந்தபோது ஆன பாக்கெட்டை வாங்குபவருக்கு இரண்டு கிராம் அதிகம், ஹாப்பர் தீரும்போது பாக்கெட் ஆனது யாருக்குப் போகிறதோ அவருக்கு மூன்று கிராம் குறைவு. சராசரி மட்டும் 500-ஐ ஒட்டி நிற்கிறது.

#15 கணக்கு டீச்சர்

அருமையான வேலை தம்பி. ஒரு எச்சரிக்கை மட்டும். அந்த 499.72 உங்கள் எடுப்பு விகிதத்தின் சராசரி. இரண்டு, ஒன்று, இரண்டு என்று நாம்தான் தீர்மானித்தோம். உங்கள் கடையில் எண்ணூறு பாக்கெட்டும் அதே விகிதத்தில் நிறைவிலும் அடியிலும் ஆகின்றனவா? ஹாப்பர் பெரும்பாலும் நிறைந்தே இருக்கிறது என்றால் உண்மையான சராசரி 501-க்கு மேல் இருக்கும். அடிக்கடி தீரவிடுகிறீர்கள் என்றால் 500-க்குக் கீழே. மட்டம்வாரியான மூன்று எண்களை நான் நம்புவேன். மொத்த எண்ணை அந்த விகிதம் தெரிந்த பிறகே நம்புவேன். இவ்வளவு ஒழுங்கான ஏற்ற இறக்கத்தை உள்ளே வைத்துக்கொண்டு 3.03 என்று ஒரே திட்ட விலக்கம் போட்டதும் எனக்கு நெருடுகிறது.

#16 நூல்கண்டு

சித்தி சொன்னது சரியாகிவிட்டது பார்த்தீர்களா. சனிக்கிழமை மாலை நீங்கள் திருகை இரண்டு கிராம் ஏற்றியிருந்தால், திங்கள் காலை நிறைந்த ஹாப்பரில் 504 வந்திருக்கும். அதைப் பார்த்து யாராவது இறக்கியிருப்பார்கள். ஏற்றுவதும் இறக்குவதுமாகவே வாரம் போயிருக்கும். ஆலையில் இரவு ஷிப்டும் பகல் ஷிப்டும் மாறி மாறித் திருகி நூல் நம்பரைக் கெடுத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

திருகை விட்டுவிடுங்கள். மட்டத்தைப் பிடியுங்கள்.

#17 சிறுதானியன்

நேற்று சித்தியும் நானும் ஹாப்பரின் உள்பக்கம், பாதிக்குச் சற்று மேலே, சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டோம். மாவு அந்தக் கோட்டுக்கு இறங்கியதும் அடுத்த மூட்டையைக் கொட்ட வேண்டும். அடிவரை தீரவிடக் கூடாது. நாள் முடிவில் கோட்டுக்குக் கீழே மிஞ்சும் மாவை இயந்திரத்தில் விடாமல் தராசில் வைத்துக் கையால் நிரப்பப் போகிறோம். நாளுக்கு இருபது பாக்கெட்டுக்கு மேல் வராது என்று சித்தி சொன்னார்.

அடுத்த மாதம் 50 பாக்கெட் எடுக்கிறேன். இந்த முறை இருபக்கச் சோதனை, 5 விழுக்காடு மட்டம், ஒரு கிராமுக்கு மேல் விலகினால்தான் திருகைத் தொடுவது என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே தேதியுடன் எழுதி வைத்துவிட்டேன். சித்தியும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.